சாரத்துண்டில் கட்டிய முப்பத்திரண்டு விதைகள்

இலையைக் கசக்கி மூக்கில் வைத்தேன். மணமே இல்லை.

இன்னொரு இலையைக் கசக்கினேன். அதுவும் அப்படித்தான். பெப்ரவரி மாதத்து ஒரு காலை. மகள் மிலானுக்குப் படிக்கப் போனபிறகு காலியாகக் கிடந்த அறை, யன்னலோரம் அவளுடைய மேசை. மேசை நிறையக் கடதாசிக் கோப்பைகள், கோப்பி விற்கும் பாரில் கேட்டு வாங்கியவை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மண், மண்ணில் ஒரு சின்னக் கன்று.

தக்காளிக் கன்றைத் தொட்டவர்களுக்குத் தெரியும். விரல் பட்டாலே அந்தப் பச்சை மணம் ஒட்டிக்கொள்ளும், சவர்க்காரம் போட்டாலும் இலேசில் போகாது. இலையின் ஓரம் வெட்டு வெட்டாக இருக்கும். தண்டில் மெல்லிய மயிர் தட்டுப்படும். என் கன்றுகளின் இலைகளோ ஓரத்தில் ஒரு வெட்டும் இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தன. தண்டைத் தடவினேன். வழுக்கியது.

குசினியிலிருந்து இவர் குரல் கொடுத்தார். "இஞ்சேர், தேத்தண்ணி ஆறுது. அங்கை என்ன செய்யிறீர்?"

கிழமைக்கணக்காகக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி வைத்து, தண்டு உரம் பிடிக்கட்டும் என்று உள்ளங்கையால் தலையைத் தடவி நான் வளர்த்தவை தக்காளி இல்லை. நாற்பத்தொரு மிளகாய்க் கன்றுகள்.

மிளகாய்க் கன்றைப் பார்த்து அழுத யாழ்ப்பாணத்துப் பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பலெர்மோவின் குளிர்

போன கிழமை, இத்தாலியில் தங்க அனுமதி தரும் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வரிசையில் நின்ற கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு தங்கச்சி போன் எடுத்து, "அக்கா, எப்ப பாத்தாலும் வரிசையும் கண்ணீரும்தானே? ஒருக்காலாவது சிரிக்கிற மாதிரி எழுதுங்கோவன்" என்றாள். சரி, இந்தக் கிழமை தக்காளி. சிரிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பலெர்மோ என்றால் வெயில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மொண்டெல்லோக் கடற்கரையில் நாங்கள் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுக் கனடாவிலிருக்கும் என் மச்சாள், "உங்களுக்கென்ன, சொர்க்கம்" என்பாள். சனவரியில் எங்கள் வீட்டில் ஒரு நாள் அவள் படுத்தெழும்ப வேண்டும். கல் தரை, உயர்ந்த முகடு, சூடாக்கி கிடையாது. வெளியே போனால்தான் சூடு. நான் காலுறைக்கு மேல் காலுறை போட்டு, அதற்கு மேல் செருப்பும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடப்பேன்.

இந்தக் குளிரில் தோசை மா பொங்காது. இங்கே வந்த முதல் வருசம் நான் சுட்டவை தோசையே இல்லை, அப்பளத்துக்கு மூத்தவை. பிறகு யாரோ ஒரு வழி சொன்னார்கள். சமையலடுப்புக்குக் கீழே இருக்கும் ஃபோர்னோவை மூட்டாமல், உள்ளே இருக்கும் சின்ன லைற்றை மட்டும் போட்டு, மாச் சட்டியை வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். அந்த லைற்றின் சூடு போதும். விடிய மா சட்டியைத் தள்ளிக்கொண்டு எழும்பி நிற்கும். பலெர்மோவில் முக்கால்வாசித் தமிழ் வீடுகளில் மாரிகாலத்தில் ஃபோர்னோவுக்குள் லைற் எரியும்.

எங்கள் வீட்டில் ஆகச் சூடான இடம் அதுதான். கதை அங்கேதான் தொடங்கியது.

தவளையும் வாயும்

நான் வேலை செய்வது சிஞ்ஞோரா அகத்தா வீட்டில். பத்தொன்பது வருசமாக அவர் வீட்டுத் திறப்பு என் கைப்பைக்குள் இருக்கிறது. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற பெண்மணி, தனி ஆள், எதையும் இரண்டுமுறை எண்ணுகிறவர். அவர் பேசுவது இத்தாலியன்தான். ஆனால் அது என் காதில் எப்படி விழுமோ அப்படியே இங்கே எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

சியாகுல்லியில், மந்தரின் தோடைகளுக்கு நடுவில், அவருடைய அப்பாவுக்கு ஒரு தோட்டம் இருந்தது. அங்கே ஒரு தக்காளி. விலா விலாவாக மடிப்பு விழுந்து, இளஞ்சிவப்பில், ஒரு கைக்குள் அடங்காத பழம். பெயர்கூட வைக்கவில்லை. "எங்களுடையது" என்பார்கள், அவ்வளவுதான். கடையில் கிடையாது, வேறு தோட்டத்திலும் கிடையாது. அப்பா விதையை வெளியே விடாத மனிதர். அவர் போனபிறகு சகோதரங்கள் காணியை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் எல்லாவற்றையும் உழுதுவிட்டார்.

கடைசிப் பழத்திலிருந்து சிஞ்ஞோரா எடுத்துக் காயவைத்தது முப்பத்திரண்டு விதை. அவ்வளவுதான் உலகத்தில் மிச்சம்.

நத்தாருக்குச் சற்று முன்னால் அவர் படியில் சறுக்கி வலக்கையை முறித்துக்கொண்டார். மாக்கட்டுப் போட்ட கையைப் பார்த்துப் பார்த்து, "புவனா, இந்த வருசம் ஆர் விதை போடப்போகினம்?" என்று கவலைப்பட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். "என்னட்டைத் தாங்கோ சிஞ்ஞோரா. என்ரை கை பட்டால் கல்லும் முளைக்கும்" என்றேன்.

இந்தக் கை பட்டு இத்தாலியில் ஐந்து கறிவேப்பிலைக் கன்று செத்திருக்கிறது. அதை நான் சொல்லவில்லை.

இரண்டு முடிச்சு

பயறு முளைக்க வைப்பதுபோலத்தான் செய்தேன். இவருடைய பழைய சாரம் ஒன்றில் ஒரு துண்டு கிழித்து, நனைத்துப் பிழிந்து, முப்பத்திரண்டு விதையையும் வைத்து முடிந்தேன். ஃபோர்னோவுக்குள் மாச் சட்டிக்கு இடப்பக்கம் வைத்தேன். பொங்கல் முடிந்த கிழமை என்று நினைவு.

இவர் பார்த்துக்கொண்டு நின்றார். என் மனுசனுக்கு நான் எது செய்தாலும் அதைத் தானும் செய்ய வேண்டும். போன வருசம் பல்கனியில் காய்த்த மிளகாயில் எடுத்த விதை ஒரு போத்தலில் இருந்தது. அதில் ஒரு பிடி அள்ளி, அதே சாரத்தில் இன்னொரு துண்டு கிழித்து, அதேபோல முடிந்து, சட்டிக்கு வலப்பக்கம் வைத்தார்.

"பாப்பம், ஆற்றை முதல் முளைக்குதெண்டு" என்றார்.

மிளகாய் விதையும் தக்காளி விதையும் பார்வைக்குச் சகோதரங்கள். முடிச்சு இரண்டும் ஒரே நீலக் கட்டம். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, தோசை. இவர்தான் மாச் சட்டியை வெளியே எடுத்தார். முடிச்சுகளையும் எடுத்து மேலே வைத்தார். திரும்ப வைக்கும்போது எது இடம், எது வலம்? அதை அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தோசை திருப்பும் அவசரம்.

ஐந்தாம் நாள் குசினியில் ஒரே சத்தம். "வந்து பாரும்! என்ரை மிளகாய் முளைச்சிட்டுது!"

வலப்பக்க முடிச்சில் வெள்ளை வெள்ளையாக வால் விட்டிருந்தது. இருபத்தாறு. என் முடிச்சோ சத்தமில்லாமல் கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது, மறைத்து என்ன பயன். மிளகாய்க்கு முளைக்க இரண்டு கிழமை வேண்டும், தக்காளி ஐந்தே நாளில் முளைக்கும் என்பதெல்லாம் இப்போது தெரியும். அப்போது தெரிந்தது ஒன்றுதான்: இந்த மனுசன் என்னை முந்திவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் என்னுடையதும் முளைத்தது. எண்ணினேன். நாற்பத்தொன்று. சிஞ்ஞோரா தந்தது முப்பத்திரண்டு. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றிருப்பார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "நாப்பது வருசம் கணக்குப் படிப்பிச்சவவுக்கு எண்ணத் தெரியேல்லைப் போல." குறைந்தால்தானே குற்றம், கூடினால் நல்லது என்று கோப்பைகளில் நட்டேன்.

இவர் ஒரு கட்டடத்தில் போர்த்தியேரே, அதாவது வாசல் பார்க்கிறவர். வாசலுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை அவருக்கு உண்டு, நல்ல வெயில். தன் கன்றுகளை அங்கே கொண்டுபோய்விட்டார். போகிற வருகிற தமிழருக்கெல்லாம், கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம், கோப்பை கோப்பையாகக் கொடுத்தார். "அஞ்சு நாளிலை முளைச்ச மிளகாய், என்ரை கை" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாராம். நான் அந்தப் பக்கமே போகவில்லை. பொறாமை.

தேத்தண்ணி குடிக்காமல் ஓடியது

அந்தக் காலை நான் தேத்தண்ணியைத் தொடாமல், இவரையும் இழுத்துக்கொண்டு அவருடைய கட்டடத்துக்கு ஓடினேன். கண்ணாடி அறையில் ஒரே ஒரு கோப்பை மிச்சம். அதற்குள் ஒரு சாண் உயரக் கன்று. இலை முழுக்க வெட்டு வெட்டு. கிட்டப் போகமுதலே மணம் வந்தது.

"இதென்ன?" என்றேன்.

"மிளகாய்."

"இலையைப் பாத்தீங்களே?"

"பாத்தனான். ஒரு மாதிரித்தான் கிடக்கு. இத்தாலிக் காத்துக்கு இப்பிடி வருதாக்கும் எண்டு நினைச்சன்."

"உங்களுக்கு விசரே? இது தக்காளி! சிஞ்ஞோராவின்ரை தக்காளி! மற்றதெல்லாம் எங்கை?"

அவருடைய முகம் மெல்ல மாறியது. விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். இருபத்தைந்து கன்றை பலெர்மோ முழுக்கத் தானம் செய்துவிட்டிருந்தார்.

பிறகு சொன்னார், "சந்தையிலை நாலு தக்காளிக் கண்டு வாங்கிக் குடுப்பம். காய்க்கேக்கை பாப்பம். தக்காளி தக்காளிதானே."

உண்மையைச் சொல்கிறேன், நான் போனேன். கன்று விற்கும் கடை வாசலில் நின்று, ஆறு கன்று கொண்ட ஒரு தட்டைக் கையில் எடுத்தும்விட்டேன். நல்ல கன்றுகள். விற்கும் பெண் பைக்குள் போடக் கையை நீட்டினாள். எனக்குக் கைப்பைக்குள் கிடந்த திறப்பு நினைவு வந்தது. வெட்கம் முகத்தில் சுட்டது. "வேண்டாம், மன்னியுங்கோ" என்று வைத்துவிட்டுத் திரும்பினேன்.

கண்டுக்குக் கண்டு

கோயில் பெண்களின் வட்ஸ்அப் குழுவில் குரல் பதிந்து போட்டேன். "இவர் தந்த மிளகாய்க் கண்டு மிளகாய் இல்லை. தயவுசெய்து ஒருத்தரும் பிடுங்கி எறியாதேங்கோ. நான் வாறன்."

உடனே பதில் வந்தது. "அப்ப என்ன அக்கா அது? பொலிஸ் வருமே?"

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெரிய பைகளில் என் மிளகாய்க் கன்றுகளை அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ஒரு தக்காளிக்கு இரண்டு மிளகாய், இதுதான் என் பேரம். ஒரேத்தோ வீதியில் ஒரு வீட்டில் கன்று குளிர்ப்பெட்டிக்கு மேல் வெளிச்சமில்லாமல் நூலாக இழுத்துக்கொண்டு நின்றது. இன்னொரு வீட்டில் தண்ணீர் ஊற்றி ஊற்றி அழுக வைத்திருந்தார்கள். ஒருவர் தன் கன்று எங்கே என்றே மறந்துவிட்டார், தேடியபோது ஈர உடுப்புக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. மாலையானபோது கணக்கு இதுதான்: பதினாலு செத்தது, பதினொன்று உயிரோடு. அதிலும் நாலு பேர்தான் திருப்பித் தந்தார்கள். மற்ற ஏழு பேரும் மிளகாயையும் வாங்கிக்கொண்டு தக்காளியையும் தரமாட்டோம் என்றார்கள்.

கடைசியாக மொண்டெல்லோ. மெற்றில்டா அக்கா மன்னார்க்காரி, கடலோரப் பங்களா ஒன்றில் ஒரு வயதான தம்பதியைப் பார்த்துக்கொள்கிறார். அவருடைய அறை யன்னலில் மாதா சொரூபம், சொரூபத்துக்குப் பக்கத்தில் எங்கள் கன்று. எல்லாவற்றிலும் அதுதான் நல்ல கொழுகொழுவென்று நின்றது.

"அக்கா, இதைத் தாங்கோ" என்றேன்.

"தந்ததைத் திருப்பிக் கேக்க வெக்கமில்லையாடி உனக்கு?"

"அது மிளகாயெண்டு மாறித் தந்தது."

"மிளகாயோ தக்காளியோ, நான் ஒவ்வொரு நாளும் செபம் சொல்லி வளக்கிறன். இனி இது மாதாட பிள்ளை. நீ மாதாட்டக் கேள்."

நான் மாதாவைப் பார்த்தேன். மாதா ஒன்றும் சொல்லவில்லை. மெற்றில்டா அக்கா எங்களுக்குப் பால்தேத்தண்ணியும் மீன் கட்லற்றும் தந்து அனுப்பிவைத்தார்.

முழத்துக்கு மேலே

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன. திங்கட்கிழமை நாலு கன்றையும் சிஞ்ஞோராவின் மேசையில் வைத்து, முடிச்சுப் போட்டதிலிருந்து மாதாவரை ஒன்றும் விடாமல் சொன்னேன். என் இத்தாலியன் கோபத்தில் நன்றாக வரும், அழுகையில் வராது. அன்று வரவேயில்லை.

அவர் எழுந்து யன்னலடிக்குப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இந்த வீட்டில் என் கடைசி நாள் இது என்றுதான் நினைத்தேன்.

"நாப்பத்தொண்டு எண்டு எண்ணினாய்," என்றார் திரும்பாமல். "எனக்கு எண்ணத் தெரியாதெண்டு நினைச்சாய்."

"ஓம் சிஞ்ஞோரா."

"மற்றதெல்லாம் எங்கை?"

"ஏழு வீட்டிலை இருக்கு. தரமாட்டினமாம். எங்கடை வீட்டிலையும் ஒண்டு இருக்கு. அது தன்ரை மிளகாயெண்டு இவர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்."

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். மாக்கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, நோக நோகச் சிரித்தார்.

"என்ரை அப்பா தன்ரை கூடப்பிறந்த தம்பிக்கே ஒரு விதை குடுக்கேல்லை. அதாலை எத்தினை வருசம் கதைபேச்சில்லாமல் இருந்தவை தெரியுமே? இதைக் கேட்டால் மனுசன் செத்துப்போகும். நல்ல வேளை, முதலே செத்திட்டுது."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலு போதும்" என்றார்.

ஒரு பின்னேரக் காற்று

நாலு போதவில்லை.

மே மாதத்தில் ஆபிரிக்காப் பக்கத்திலிருந்து ஒரு சுடுகாற்று வரும், சிரோக்கோ என்பார்கள். அன்று நான் சிஞ்ஞோராவைக் கைக்குப் பயிற்சி செய்யக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவருடைய பல்கனி நாலாம் மாடியில், மறைப்பே இல்லாத இடம். நாங்கள் திரும்பி வந்தபோது நாலு கன்றும் பூவோடு கருகித் தொங்கின. தண்ணீர் ஊற்றினோம், துணி கட்டினோம், ஒன்றும் எழும்பவில்லை. அவர் பூச்சாடிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் ஒருமுறைதான் பார்த்திருந்தேன், அவருடைய அப்பாவின் செத்தவீட்டில்.

அன்று பின்னேரமே பஸ்ஸில் இருந்துகொண்டு ஏழு வீட்டுக்கும் போன் எடுத்தேன். ஒரேத்தோவில் மூன்று வீடு: பல்கனி நிறையக் காய்ந்த உடுப்பே காற்றை மறைத்ததால் தக்காளிக்கு ஒன்றுமில்லை. உடுப்புக் காயப்போடும் கயிறு இல்லாத தமிழ் வீடு உண்டா? மெற்றில்டா அக்காவினுடையது மதிலுக்குப் பின்னால் பத்திரம். மற்ற மூன்றில் இரண்டு தப்பியிருந்தன. இவர் தன்னுடைய ஒரே கன்றைக் காற்று தொடங்கியதுமே வீட்டுக்குள் தூக்கி வந்து, மகளின் கட்டிலடியில் வைத்திருந்தார். அந்த மனுசனை நான் அன்றைக்குக் கட்டிப்பிடித்தேன். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை.

அந்த ஏழு பேரும் அடம்பிடிக்காமல் கன்றைத் தந்திருந்தால், எல்லாம் நாலாம் மாடியில் ஒன்றாகக் கருகியிருக்கும்.

யூலையில் போனுக்குப் படம் படமாக வந்தது. விலா மடிந்த, இளஞ்சிவப்பு, ஒரு கைக்குள் அடங்காத பழம். ஒவ்வொரு படத்தையும் சிஞ்ஞோராவுக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றி, விரலால் பெருப்பித்து, விலாவை எண்ணிப் பார்த்தார்.

ஓகஸ்ட் நடுவில் ஒரு மத்தியானம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பத்தொன்பது வருசத்தில் அதுதான் முதல் தரம். நான் கூப்பிட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கி ஏறி வந்தார். மெற்றில்டா அக்கா லீவு எடுத்துக்கொண்டு மொண்டெல்லோவிலிருந்து இரண்டு பழத்தைத் துவாயில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்திருந்தார். இவர் தன்னுடைய பழத்தை மேசை நடுவில் வைத்துவிட்டு, "அஞ்சு நாளிலை முளைச்சது" என்று தமிழிலேயே சிஞ்ஞோராவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தேன். சிஞ்ஞோரா அவற்றைப் பிறகு பார்ப்போம் என்று கையைக் காட்டினார். முறிந்து ஆறிய வலக்கையாலேயே ஒரு பழத்தை வெட்டினார். ஒரு துண்டில் உப்புத் தூவி, பாணில் வைத்து, ஒரு கடி கடித்தார். சாறு மணிக்கட்டால் வழிந்தது. துடைக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அதுதான்" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, அதையும் துடைக்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்தார். வெட்கப்படுகிற சின்னப் பிள்ளைபோலக் கேட்டார். "புவனா, எனக்கும் கொஞ்சம் விதை தருவியே?"

அவருடைய அப்பாவின் தக்காளி. அதற்கு விதை கேட்டு அவர் என்னிடம் கையை நீட்டிக்கொண்டு இருந்தார். மெற்றில்டா அக்கா பக்கத்தில் மூக்கை உறிஞ்சினார்.

"தாறன் சிஞ்ஞோரா. முதல் சாப்பிடுங்கோ" என்று அவருடைய தட்டில் புட்டை வைத்தேன்.